புன்னைமேட்டுக்குப்பத்துக்கு ஒரு நிமிஷம்

குளிர் எப்படி இருந்தது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். உலக நாடுகளெல்லாம் கூடிய பருவநிலை மாநாட்டுக்குப் போய்வந்தவளிடம் கேட்க வேறு ஒன்றுமே கிடைக்கவில்லையா என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். குளிர் இருந்தது. இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்கினேன். போதுமா?

போன மாதம் வீட்டுக்கு வந்த இரண்டு பெண்கள் மட்டும் அதைக் கேட்கவில்லை. திண்டிவனத்தில் நான் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த அலுவலகத்தில் இப்போது இருப்பவர்கள். செயற்கைக்கோள் படத்தைக் கணினியில் பெரிதாக்கி, கடற்கரை எங்கே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். கெட்டிக்காரிகள். அலமாரியை ஒழித்தபோது கிடைத்ததென்று என் பழைய நோட்டைக் கொண்டுவந்திருந்தார்கள். அதில் பாகக் கணக்கில் இருப்பதையெல்லாம் மீட்டருக்கு மாற்ற வேண்டுமாம்.

"ஒரு பாகத்துக்கு முதல் பக்கத்துல ரெண்டு அளவு போட்டிருக்கு மேடம். எது சரி, எது தப்பு?" என்றாள் ஒருத்தி.

"ரெண்டும் சரி," என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவிக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். காபி கொடுத்து, விவரமாக எழுதியே தருகிறேன் என்று அனுப்பிவைத்தேன். எழுத உட்கார்ந்தால் அந்த நோட்டில் இல்லாததெல்லாம்தான் வருகிறது.

விழுப்புரம் தனி மாவட்டமான வருஷம், 1993இல், நான் வேலைக்குச் சேர்ந்தேன். சின்ன சுற்றுச்சூழல் அமைப்பு, மொத்தம் ஐந்து பேர். என் ஊர் அனந்தபுரம் பக்கம். கேப்பையும், மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். கடல் எப்படி இருக்கும் என்று பார்த்ததே சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகுதான். முதல் இரண்டு வருஷம் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து உப்பு பார்த்ததிலும், திங்கட்கிழமை தோறும் விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் மனுவோடு வரிசையில் நின்றதிலும் ஓடிப்போனது.

வேலையைக் கற்றுக்கொடுத்தது தாமோதரன் சார். அவர்தான் எங்கள் செயலாளர். ஒல்லியான மனிதர், குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. தப்பு கண்டுபிடித்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைப்பார். துடைக்க ஆரம்பித்தாலே நாங்கள் நோட்டைத் திரும்ப எடுத்துப் புரட்டுவோம். அவருடைய நோட்டில் பென்சில் கூடாது. எண் தப்பாகிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அடித்தது கீழே தெரிய வேண்டும், மறைக்கக் கூடாது. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி இரண்டு கட்டம் ஒன்றுதான்: அளந்தவர் யார், கூட நின்றவர் யார். "கூட நிக்காத கணக்கு கணக்கே இல்லம்மா" என்பார். வேறு உபதேசம் எதுவும் செய்ததில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போதும் நான் பால் கணக்கு தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடுதான் போடுகிறேன்.

மரக்காணம் தாண்டிக் கடலோரத்தில் இருந்தது புன்னைமேட்டுக்குப்பம். அறுபது வீடு இருக்கும். கடல் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குள் வருகிறது என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். மாதா மாதம் அளந்து எழுதிவைத்தால்தான் நாளைக்கு யாரிடமாவது காட்ட முடியும் என்று சார் டேப் வாங்கிக் கொடுத்து என்னை அனுப்பினார். டேப்பைப் பையிலிருந்து எடுத்ததுதான் தாமதம், பெண்கள் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் சொன்னார்கள். அந்த ஊருக்கு டேப் வந்தால் பின்னாடியே காலி செய்யச் சொல்லிக் காகிதம் வரும். இரண்டு தடவை பட்டவர்கள். அளக்க வேண்டுமானால் எங்கள் கயிற்றால், எங்கள் பாகத்தால் அளந்துக்கிறோம் என்று பஞ்சாயத்தில் பேசி முடித்தார்கள்.

இரண்டு கையையும் விரித்துக் கயிற்றைப் பிடித்தால், ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரைக்கும் ஒரு பாகம். வலைக்கும் கயிற்றுக்கும் கடல் ஆழத்துக்கும் அவர்களுக்கு அதுதான் கணக்கு. அளப்பதற்கு ஊர் கைகாட்டியது கோதண்டம் அண்ணனை. ஆள் நடுத்தர உயரம்தான், கை மட்டும் நீளம். சட்டை வாங்கினால் கை எட்டாது என்று ஊரே கிண்டல் செய்யும். அமாவாசை அன்றைக்கு யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். அன்று காலையில் தண்ணீர் நன்றாக ஏறி நிற்கும் நேரத்தில், அம்மன் கோயில் மதில் மூலையிலிருந்து அலை நனைத்த இடம் வரை கயிற்றை விடுவார். பிறகு அதை இழுத்துச் சுருட்டிக்கொண்டே கையை விரித்து விரித்து எண்ணுவார். ஒண்ணு என்று சொல்ல மாட்டார், "லாபம்" என்றுதான் தொடங்குவார். அவர் மனைவி அஞ்சலையக்கா மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் கூட நின்று எழுதுவேன். முதல் தடவை சாரும் வந்தார். அண்ணனின் கையை ஊர் பார்க்காத இடத்தில் டேப்பால் அளந்து, முதல் பக்கத்தில் எழுதினார்: ஒரு பாகம், ஐந்து அடி எட்டு அங்குலம், கோதண்டம். அன்றைய கணக்கு நாற்பத்தொரு பாகம்.

அந்த அமாவாசைக் காலைகள் எனக்கு இப்போதும் அப்படியே நினைவிருக்கின்றன. திண்டிவனத்திலிருந்து முதல் பஸ் பிடித்து மரக்காணத்தில் இறங்கி, உப்பளத்து ஓரமாக நடப்பேன். அளந்து முடித்ததும் அக்கா கேப்பைக் கூழும் சுட்ட கருவாடும் வைப்பாள். வேலை பதினைந்து நிமிஷம், பேச்சு இரண்டு மணி நேரம். அதற்குப் பிறகு எத்தனையோ சாப்பாடு சாப்பிட்டாகிவிட்டது.

நாற்பத்தொன்று முப்பத்தெட்டானது. புன்னை மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. சுனாமி வந்தது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை, மற்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்துக்கு வேலையும் கூட்டமும் குவிந்தன. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாதபடி அறிக்கைமேல் அறிக்கையாக எழுதிக்கொண்டிருந்தேன். அமாவாசைக் காலையில் போவது முதலில் ஒரு மாதம் தவறியது, பிறகு வழக்கமாகவே தவறியது. கோதண்டம் அண்ணன் ஊரில் ஒருவரிடம் இருந்த போனில் கூப்பிட்டு எண்ணைச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். கூட நின்றவர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். சார் கண்ணாடியைத் துடைத்தார். அடுத்த மாதம் போகிறேன் சார் என்றேன்.

அண்ணன் கடைசியாகச் சொன்ன எண் இருபத்துநாலு. மஞ்சள்காமாலை முற்றி, முண்டியம்பாக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. காரியத்துக்குப் போய்விட்டு வந்தேன். அடுத்த அமாவாசைக்கு அக்காவே போனில் கூப்பிட்டாள். "இருவத்தாறும்மா" என்றாள். எழுதிக்கொண்டேன். அளவை விடாமல் செய்கிறாளே என்று நெகிழ்ந்துபோய் எழுதினேனே தவிர, வேறு எதுவும் என் மண்டையில் உறைக்கவில்லை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து மாநாட்டு அழைப்பு வந்தது. ஐரோப்பாவில் ஒரு பெரிய ஊர். பல நாட்டு அமைப்புகள் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்று எங்களிடமிருந்து ஓர் ஆளைக் கேட்டது. அஞ்சலையே போகட்டும் என்றார் சார். பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதி வேண்டும், ஊர் அத்தாட்சி வேண்டும். அக்காவிடம் இரண்டும் இல்லை. அரசாங்கப் பதிவில் புன்னைமேட்டுக்குப்பம் என்று ஓர் ஊரே கிடையாது. பக்கத்து ஊர்க் கணக்கில்தான் அவர்களுக்கு ரேஷன், ஓட்டு எல்லாம். அதனால் நான் போவதாக முடிவானது.

சொல்லிக்கொள்ளப் போனபோது அக்கா ஒரு பொட்டலம் கருவாடு கட்டிக் கொடுத்தாள். பிளேனில் விட மாட்டார்கள் என்று சொல்ல வாய் வராமல் வாங்கிக்கொண்டேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தாள்.

"எம்மா, நீ அங்க இன்னா வேணா பேசு. எங்க ஊரு பேர மட்டும் சொல்லிட்டு வந்துடு," என்றாள். "இது இருக்காதுன்னு எங்களுக்குத் தெரியும். இருந்துச்சுன்னு யாராவது ஒருத்தரு காதுல உழுந்தா போதும்."

சொல்கிறேன் அக்கா என்றேன். சத்தியம் எதுவும் கேட்கவில்லை அவள். பஸ் நகர்ந்த பிறகும் கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மாநாட்டு மண்டபம் விழுப்புரம் ஜங்ஷனை நாலு அடுக்கு அடுக்கிவைத்த மாதிரி இருந்தது. கழுத்தில் அட்டை மாட்டிய ஜனம் ஓடிக்கொண்டே இருந்தது. எங்களைப் போன்ற அமைப்புகளுக்கு, எல்லா நாடுகளும் பேசி முடித்த பிறகு கடைசியில் இரண்டே நிமிஷம். அதில் ஒரு நிமிஷம் கூட்டமைப்பின் பொது அறிக்கை, ஒரு நிமிஷம் என்னுடையது என்று பிரித்திருந்தார்கள். இரண்டையும் வாசிக்க வேண்டியவள் நான்தான். என் ஒரு நிமிஷத்தை ஆங்கிலத்தில் எழுதவைத்து, அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு, குளிக்கும்போதுகூட மனப்பாடம் செய்தேன். முதல் வரியிலேயே ஊர்ப்பேர். இரண்டாவது வரியில் கோதண்டம் அண்ணனின் கை.

முதல் நாள் மதியம், கூட்டமைப்பில் இருந்த கடலியல் பேராசிரியர் ஒருவர் என் நோட்டின் நகலைப் பார்த்தார். வயதானவர், நல்ல மனிதர். ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துக்கொண்டே வந்தவர், இருபத்துநாலுக்கு அடுத்து இருபத்தாறு வந்த இடத்தில் நின்றுவிட்டார். அதற்குப் பிறகும் எண்கள் இருபத்தாறை ஒட்டியே சுற்றிக்கொண்டிருந்தன. இங்கே கடல் ஏன் பின்வாங்கியது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காரணம் தெரியாத எண்ணைச் சபையில் சொன்னால், சொல்வதையெல்லாம் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள் என்று மெதுவாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டைக்குப் போயிருப்பேன்.

நடைபாதையில் நின்று திண்டிவனத்துக்குப் போன் போட்டேன். சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அன்னிக்கு நீ கூட நின்னியா?"

"இல்ல சார்."

அந்தப் பக்கம் அவர் கண்ணாடியைத் துடைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"அப்ப அந்தக் கணக்க சொல்லாதம்மா," என்றார்.

என் நிமிஷத்தை நானே எடுத்துவிட்டேன். பொது அறிக்கையையே இரண்டு நிமிஷத்துக்கும் நீட்டித் தந்தார்கள். மறுநாள் எங்கள் முறை வந்தபோது மண்டபத்தில் பாதிக்கு மேல் காலி. முன் வரிசையில் ஒருவர் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். நேரமாகிவிட்டதால் இரண்டு நிமிஷத்தை ஒன்றாகக் குறைப்பதாகத் தலைவர் அறிவித்தார். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. கடலோரச் சமூகங்கள், பாதிக்கப்படும் மக்கள் என்று வாசித்தேன். எந்தக் கடல், எந்த மக்கள்? தாளில் இல்லை. முடிப்பதற்குள் விளக்கு அணைந்தது. நன்றி என்று சொன்னார் தலைவர். நாலு பேர் கைதட்டினார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கணக்கைச் சொல்லாதே என்றுதானே சார் சொன்னார்? பேரைச் சொல்லாதே என்றா சொன்னார்? புன்னைமேட்டுக்குப்பம் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நானும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒரு மூச்சுகூட முழுதாக ஆகாது. அந்தத் தாளின் ஓரத்தில் எங்கேயாவது சொருகியிருக்கலாம். எண்ணோடு சேர்த்துப் பேரையும் அடித்துவிட்டேன், பாவி.

ஊருக்கு வந்து பத்து நாளில் அமாவாசை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதல் பஸ்ஸில் போனேன். என்னைப் பார்த்ததும் அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்து வீட்டுப் பெண் மறுமுனையைப் பிடித்தாள். அக்கா "லாபம்" என்று தொடங்கி, கையை விரித்து விரித்து எண்ணினாள். அக்கா என் காதுயரம்தான் இருப்பாள். அந்தக் குட்டைக் கைகள் கயிற்றில் விரிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அண்ணன் போனதுலேர்ந்து நீதான் அளக்கறியாக்கா? உன் கையாலயே?"

"பின்ன? எங்கையால அளந்தா எம் பாகந்தானே," என்றாள், இதைக்கூடவா கேட்பார்கள் என்பதைப் போல. "அவரு கைக்கு நான் எங்க போவேன்?"

அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அவரவர் பாகம் அவரவருக்கு என்று. அதனால் எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மல்லாட்டைக் கொல்லையில் வளர்ந்த எனக்குத்தான் அடி, மீட்டர் போல அதுவும் மாறாத அளவு. முதல் பக்கத்தில் சார் கோதண்டம் என்று பேரையும் சேர்த்துப் போட்டது எதற்கென்று நான் யோசித்ததே இல்லை. ஒரே ஒரு அமாவாசைக்கு வந்து கூட நின்றிருந்தால் கண்ணாலேயே பார்த்திருப்பேன்.

நோட்டைக் கொண்டுபோய்ச் சாரிடம் கொடுத்தேன். அவர் மறுவாரமே வந்து அக்காவின் கையை அளந்தார். நாலு அடி பதினொரு அங்குலம். அங்கேயே கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்து பெருக்கி வகுத்தார். அண்ணனுக்குப் பிறகு அக்கா சொன்ன முதல் இருபத்தாறு, அண்ணன் பாகத்துக்கு இருபத்திரண்டரை. கடல் பின்வாங்கவே இல்லை. ஒன்றரைப் பாகம் உள்ளே வந்திருந்தது. முதல் பக்கத்தில் அண்ணன் பேருக்குக் கீழே அக்கா பேரையும் அளவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சரிசெய்த கணக்கைக் கூட்டமைப்புக்கு அனுப்பினோம். பேராசிரியர் இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதினார், அவ்வளவு சந்தோஷப்பட்டு. ஆனால் அதற்குள் மாநாடு முடிந்துவிட்டதே. அதற்குப் பிறகு யாரும் என்னை எங்கும் கூப்பிடவில்லை. நான் ஓய்வு பெறுவதற்குள் கோயில் மதில் விழுந்தது, ஊர் உள்ளே தள்ளிக் கட்டிய காலனிக்குப் போனது. காலனிக்கு வேறு பேர் வைத்திருக்கிறார்கள்.

அந்த அமாவாசைக் காலையில் நடந்த ஒன்றைச் சொல்லாமலே தாண்டி வந்துவிட்டேன். அளந்து முடித்து, கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அக்கா என்னிடம் கேட்டாள்.

"பேர சொன்னியா?"

"சொன்னேங்க்கா," என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

"எப்டி சொன்ன? சொல்லு, கேக்கறேன்." கவிழ்த்துப் போட்டிருந்த படகில் சாய்ந்துகொண்டாள்.

தப்பிக்க வழியில்லை. அவள் முன்னால் நின்று, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைத் தமிழில் சொன்னேன். என் பெயர் சரோஜா. நான் புன்னைமேட்டுக்குப்பம் என்கிற ஊருக்காகப் பேச வந்திருக்கிறேன். உங்கள் வரைபடத்தில் அந்த ஊர் இருக்காது. அங்கே கோதண்டம் என்று ஒருவர் இருந்தார், கடல் எவ்வளவு வந்திருக்கிறது என்று இரண்டு கையையும் விரித்து அளந்து சொன்னார். அவர் அளந்த கரை இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. அவர் மனைவி அஞ்சலை இன்னும் அளந்துகொண்டிருக்கிறார்.

அந்த இடத்தில் அழுதுவிட்டேன். அக்கா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அங்க சொல்லல, இல்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சொல்லியிருந்தா இப்படி அழுவ மாட்ட என்றாள். எழுந்து வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். மீன் வாசனை அடித்தது.

"சரி உடு. ஒருத்தரு காதுல உழுந்தா போதும்னுதானே சொன்னேன். எங்காதுல உழுந்துச்சு."

அவளுக்குப் போதும். எனக்குப் போதவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை யாராவது திருப்பித் தர மாட்டார்களா என்று, அக்கா போய்ச் சேர்ந்த பிறகும் ஒவ்வொரு அமாவாசைக் காலையிலும் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பெண்கள் எல்லாவற்றையும் மீட்டராக மாற்றிக்கொள்ளட்டும். முதல் பக்கத்தை மட்டும் அப்படியே விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். ஊரின் பேர் அந்தப் பக்கத்தின் மேலே, சார் கையெழுத்தில், அடிக்காமல் இருக்கிறது.